ஓட்டிப் பார்த்த ஜீப்பும் ஓயாத என் வாயும்

இரண்டு வருஷத்துக்கு முன், வட்டகொடைப் பக்கத்தில், அட்டைகள் காலைவிட்டு இறங்காத ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது.

ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்துக்கு என்னை அதிபராக, அதாவது தலைமையாசிரியையாகப் போட்டிருந்தார்கள். பதினெட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்குக் கிடைத்த பலன். ஆனால் பள்ளிக்கூடம் மலை உச்சியில். பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் பாதி வழியிலேயே, "டீச்சர், இதுக்கு மேல போனா வண்டி ஒடஞ்சிரும்" என்று இறக்கிவிடுவார்கள். மீதி ஏற்றத்தை நடந்தே ஏற என் முழங்கால் சம்மதிக்காது. பதவியை ஏற்கிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பழைய ஜீப் ஒன்றை வாங்கும் பேச்சை எடுத்தார். அவரும் வாத்தியார்தான், கணக்கு வாத்தியார். காலையில் என்னை மேலே விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கூடத்துக்குப் போவாராம். கொப்பியில் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதினார். நன்மைப் பக்கத்தை அவரே நிரப்பிவிட்டார்: நாலு சக்கரமும் இழுக்கும், சேறு சகதி பார்க்காது, குன்றும் குழியும் அதற்கு ஒன்றுதான். தீமைப் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன். டீசலைத் தண்ணீராகக் குடிக்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் டீசல் வரிசைகளில் நின்ற கால்வலி எனக்கு இன்னும் போகவில்லை. பாகம் உடைந்தால் கொழும்புக்கு ஓட வேண்டும். கடைசியாக, "ஓட்டப்போவது நீங்கள்" என்று எழுதினேன். அதைப் படித்ததும் மனுஷன் கொப்பியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஹற்றனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவரிடம் ஜீப் இருந்தது; நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை போனோம். ஒரு வார்த்தைகூட இழுக்காமல் சாவியைத் தூக்கிக் கொடுத்தார். "நாலு வீலும் இழுக்கும், நீங்க போகப்போற ரோட்டுலயே ஓட்டிப் பாருங்க டீச்சர். அந்திக்குக் கொண்டுவந்தாப் போதும்." இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே, எதையோ மறைக்கிறார் என்று அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

தோட்டத்துப் பாதையில் ஏறத் தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் காலி வண்டி மேலே போனால், நடந்து போகிறவர்களை விட்டுவிட்டுப் போக முடியாது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி லயத்து வீடுகளுக்கு ஏறிக்கொண்டிருந்த ஏழு பெண்கள் கை காட்டினார்கள். "ஏறட்டும், பாரம் இழுக்குதான்னும் பாத்துக்கலாம்" என்றார் இவர். ஏறினார்கள். நூறு யார் தூரம் போயிருக்காது, சேற்றில் புதைந்து ஜீப் நின்றுவிட்டது. இவர் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கியர்க் கம்பியை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்ததே தவிர, முன் சக்கரம் அசையவே இல்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்தப் பாதையில் சிக்னல் கிடைப்பது மேலே மாதா சொரூபம் இருக்கும் முடக்கு வளைவில் மட்டும்தான். வலிக்கிற முழங்காலோடு விறுவிறுவென்று ஏறிப் போய், மாதாவுக்கு முன்னாலேயே நின்று நானாவுக்குப் போன் போட்டேன்.

"நாலு வீலும் இழுக்கும்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே! ஓட்டை வண்டிய எங்க தலையில கட்டப் பாத்தீங்களா? டீச்சர்னா இளிச்சவாயின்னு நெனச்சீங்களா?"

"டீச்சர், ஒரு நிமிஷம், அந்த முன் வீல்ல..."

"ஒங்க முன் வீலும் வேணாம், பின் வீலும் வேணாம்!"

ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டியிருப்பேன். நடுவில் கீழேயிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது. போனில் நானா மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், அது என்ட ஜீப்ட ஹார்ன் மாதிரி இருக்கே?"

திரும்பிப் பார்த்தேன். ஜீப் புலிக்குட்டி மாதிரி ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளே பெண்கள் எல்லாரும் ஓவென்று கூச்சல். இவர் ஜன்னலால் தலையை நீட்டி, "நிப்பாட்டினா மறுபடி ஏறாது, நீ நடந்து வா!" என்று கத்திவிட்டு, என்னைத் தாண்டிப் போயே போய்விட்டார். நான் போனை அப்படியே கட் பண்ணினேன்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பழைய ஜீப்புகளில் முன் சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் இருக்குமாம். கீழே இறங்கி, இரண்டு பக்கமும் அதைக் கையால் திருப்பினால்தான் முன் சக்கரம் இழுக்கும். திருப்பிவிட்டது ஏறிய பெண்களில் ஒருவர். "பெரிய பங்களாவுல வேல செஞ்சப்ப ஜீப்பு கழுவுறது நான்தான். மழைன்னா டிரைவர் எறங்கி இதத் திருப்பிட்டுத்தான் ஏறுவாரு. நான் சொல்றதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்களே டீச்சரம்மா" என்றார். நானா போனில் சொல்ல வந்ததும் அதைத்தான்.

அந்திக்கு ஹற்றனுக்குத் திரும்பினோம். இனி எந்த முகத்தோடு வண்டியைக் கேட்பது? வண்டி இல்லையென்றால் பதவியும் இல்லை. கடைக்குள் போனதும், "மன்னிச்சுக்குங்க நானா" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக என் வாய் ஓய்ந்ததை இவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

நானா பிளேன்டீ வரவழைத்தார். "தப்பு என்னுது டீச்சர். சாவியக் குடுத்த நான் அதையும் காட்டிக் குடுத்திருக்கணும். இன்னொருத்தர் வந்து வெலையெல்லாம் பேசினாரு. டீச்சருக்குக் குடுக்கிறதாச் சொல்லிட்டேன்னு அனுப்பிட்டேன்."

"எப்ப நானா?" என்றேன்.

"நீங்க போன வெச்ச கொஞ்ச நேரத்துல."

அந்த ஜீப்பில்தான் இன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். அன்றைக்கு அவர் என்னைத் திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும், நானும் மறந்திருப்பேன். திட்டாமல் விட்டதால்தான், யார் மேலாவது பாயப் போகும்போதெல்லாம் என் வாய் இப்போதும் ஒரு நிமிஷம் தயங்குகிறது.