போட்ட கோட்டின் மேலேயே

கண்ணாடிக் கடையில் அவருக்கு 'யோசனை' என்றுதான் பெயர். டீ வேண்டுமா என்று கேட்டால், வேண்டுமா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வதற்குள் மற்றவர்கள் குடித்து முடித்திருப்பார்கள். வேலையில் மட்டும் அப்படி இல்லை. மேஜைமேல் கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை வைத்து, கட்டரால் ஒரே இழுப்பு. விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுத்தால் தாறுமாறாக உடையும். அந்தத் தவறை அவர் செய்ததே இல்லை.

மனசுக்குள் விழுந்த கோட்டின் மேல்தான் ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

அண்ணன் மகள் கல்யாணத்தில் விழுந்த கோடு அது. குடும்பப் போட்டோவுக்கு எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்ட அண்ணன், கூடப் பிறந்த தம்பியைக் கூப்பிடவில்லை. இவர் கையில் ஒரு நாற்காலியோடு கீழேயே நின்றார். நடந்தது அவ்வளவுதான். மீதியை இவரே தயாரித்தார். சட்டை நன்றாக இல்லையா? சம்பந்தி வீட்டார் முன்னால் கண்ணாடி வெட்டுகிறவனைத் தம்பி என்று சொல்ல வெட்கமா? அண்ணன் சொல்லப்போகும் பதிலையும் தானே சொல்லிப் பார்த்து, அந்தப் பதிலுக்குக் கோபித்தும் கொண்டார். போக்குவரத்து நின்றது. அண்ணன் போன் செய்தால், எடுத்து என்ன பேசுவது என்று யோசித்து முடிப்பதற்குள் மணி ஓய்ந்துவிடும். போகப் போக, போனும் வருவதில்லை.

மனைவி சொல்லாத வைத்தியம் இல்லை. "யோசிக்கணும்னா சாயங்காலம் கொஞ்ச நேரம் உக்காந்து யோசிங்க. மத்த நேரத்துல வந்தா, அப்புறம் வான்னு அனுப்பிடுங்க" என்றாள். கொஞ்ச நாள் அது பலித்தது. நடக்கச் சொன்னாள், நடந்தார், அண்ணனையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டு.

அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போய், டாக்டர்கள் கைவிரித்துவிட்டதாக அண்ணி போனில் அழுதாள். மறுநாள் கடையில், போட்ட கோட்டின் மேலேயே 'யோசனை' மறுபடி இழுத்தார். ஆள் உயரக் கண்ணாடி குறுக்கே விரிசல் ஓடிச் சிதறியது. முதலாளி திட்டவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"இவ்வளவு நாள் வராதவன் சாகப்போற நேரத்துல வந்துட்டான்னு நெனைச்சா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நெனைக்கட்டுமே. அவர் நெனைக்க வேண்டியதையும் நீங்களே நெனைச்சுட்டா அவருக்கு என்னதான் வேலை? போய் வாயைத் தொறந்து கேளுங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் பாதி ஆளாகக் கிடந்தார். ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "அண்ணே, அன்னிக்குப் போட்டோவுக்கு என்னை ஏன் கூப்பிடல?" என்று கேட்டேவிட்டார்.

"எந்தப் போட்டோ?"

சொன்னார். அண்ணன் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தார். "நீ பின்னாடி நிக்கிறேன்னு நெனைச்சேன்டா. உன்னைத் தனியா வேற கூப்பிடணுமா?" மூச்சு வாங்கியது. "அப்புறம் நீ வரவே இல்ல. போனும் எடுக்கல. கல்யாணத்துல உன்னை என்ன சொல்லிட்டேன்னு நானும் தெனம் யோசிச்சேன். உங்க அண்ணியைக் கேளு."

தம்பிக்கு அழுகை வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. "வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"கேட்டா இன்னும் கோவிச்சுக்குவியோன்னு பயம்டா."

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். வியாதியும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு தினமும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். பேச ஆசையாக இருந்தது. அண்ணனோ மருந்து மயக்கத்திலேயே கிடந்தார். அந்த வாரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இத்தனை வருஷம் அண்ணனோடு மனசுக்குள் ஓயாமல் பேசியவருக்கு, நிஜமாகப் பேசக் கிடைத்தது அந்த ஒரு மத்தியானம்தான்.