என் பி.எஃப்.புக்கு நேர்ந்த மொட்டை

மகளுக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே வீட்டில் எல்லாருடைய கண்ணும் என் பி.எஃப். மேல் விழுந்தது. எனக்கு அரக்கோணத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. சொல்லிக்கொள்கிற மாதிரி பென்ஷன் கிடையாது. இத்தனை வருஷம் ரயிலில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்த்த அந்தப் பணம்தான் எனக்கும் மனைவிக்கும் வயதான காலத்துச் சோறு. வங்கியில் கல்விக் கடன் வாங்கலாம், பி.எஃப்.பைத் தொட மாட்டேன் என்றேன்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து மச்சான் பஸ் ஏறி வந்துவிட்டார். "பொண்ணு படிப்புக்கு ஆவாத காசு இன்னாத்துக்கு பாவா?" என்று கேட்டு, மதியச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு கிளம்பினார்.

மனைவி சண்டை போடவில்லை. எங்கள் ஊர் முருகன் மலைக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு திரும்பினாள். "முருகன்கிட்ட வேண்டிகினு வந்துட்டேன். நீங்க பி.எஃப். எடுத்துக் குடுத்துட்டா மொட்டை."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

எங்கள் ஊரில் இது சகஜம். யார் தலையை வைத்து வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம், தலைக்காரனின் சம்மதம் தேவையில்லை. உன் முடியை வேண்டிக்கொள்வதுதானே என்றேன். "குடும்பத் தலைவர் முடிக்குத்தாங்க மதிப்பு" என்றாள். அதுவரை அந்த வீட்டில் எனக்கு அப்படி ஒரு பதவி இருப்பதே தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாள் காலையிலேயே மலையேறினேன். பி.எஃப். தப்பித்தால் மொட்டை போடுகிறேன் என்று நானும் வேண்டிக்கொண்டேன். பாதிப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. எது நடந்தாலும் என் தலை தப்பாது.

வங்கியில் அலையவிட்டார்கள். ஒரு காகிதம் கொடுத்தால் இன்னொன்று கேட்டார்கள். கடைசியில் மகள் பெயரில் கடன் கிடைத்தது. கூடவே நானும் கையெழுத்துப் போட்டேன். சொன்ன சொல் தவறாமல் மூவருமாக மலைக்குப் போனோம். மொட்டையடித்துவிட்டு வெளியே வந்ததும் பூக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "ஆங், அக்கா ஜெயிச்சுட்டாங்களா? பி.எஃப். காலியா சார்?" மனைவியின் வேண்டுதல் ஊருக்கே தெரிந்திருந்தது, என்னுடையது முருகனுக்கு மட்டும்தான் தெரியும். விளக்கிச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மனைவி என் தலையில் சந்தனம் பூசத் தொடங்கினாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, கடைசிக் காலத்துல நான் உங்களப் பாத்துக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?"

என் அப்பா கையிலிருந்ததையெல்லாம் எங்கள் படிப்பில் போட்டவர். பிற்பாடு என்னிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்க வந்தால் வாசலில் நின்று கனைப்பார். நான் ஒரு நாளும் இல்லை என்றதில்லை. இருந்தாலும் அந்தக் கனைப்பைக் கேட்கும்போதெல்லாம் அழுகை வரும்.

"நீ பாத்துப்பம்மா. ஆனா உன் வூட்டு வாசல்ல வந்து நான் கனைச்சிகினு நிக்கக் கூடாது" என்றேன்.

அவள் என் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். பிறகு, "அப்போ என் கல்யாணத்துக்கும் அதத் தொடாதீங்க. அம்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

சந்தனம் பூசிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.