கதவோரத்து இடம்

என் மகள் பள்ளி வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறாள், யாரை உட்கார விடுவதில்லை என்று தினமும் கேட்கிறேன். இப்படிக் கேட்பது சரிதானா என்றும் தினமும் யோசிக்கிறேன். இந்தப் பழக்கம் சித்தியிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

அம்மாவின் தங்கையான சித்தி, நகரத்துக் கல்லூரி ஒன்றில் மானுடவியல் கற்பித்தாள். மனிதர்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதுதான் பாடம் என்பாள். வாரப் பத்திரிகையிலும் எழுதுவாள். அண்ணனூரில் எங்களோடுதான் இருந்தாள். "ஊர் வம்புக்குச் சம்பளம் வேறயா?" என்று அப்பா கேலி செய்வார். அவள் கட்டுரை வந்தால் கடைக்கு முதலில் ஓடுபவரும் அவரே.

பள்ளி விடுமுறையில் என்னையும் கல்லூரிக்கு ரயிலில் அழைத்துப்போவாள். பெண்கள் பெட்டியில், முந்தின நிலையமான ஆவடியிலேயே ஏறிவிடும் அலுவலகப் பெண்கள் சித்திக்காக ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் ரயிலில் நடத்தும் வளைகாப்பிலும் சுண்டலிலும் அவளுக்குப் பங்கு உண்டு.

அந்தப் பெட்டியைப் பற்றியே சித்தி எழுதினாள். இங்கே கைக்குட்டைக்குக்கூட இருக்கை உண்டு, கீரைக்கூடையோடு வரும் பெண்களுக்குக் கதவோரத் தரைதான். யாரும் விதி போடவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கும் கைக்குட்டை போட்டார்கள், நானும் உட்கார்ந்தேன் என்று முடித்திருந்தாள். யார் பெயரையும் குறிப்பிடவில்லை.

பத்திரிகை வந்த மறுநாள் ஜன்னலோரத்தில் கைக்குட்டை இல்லை. யாருடைய கைப்பையோ உட்கார்ந்திருந்தது.

"எங்க டப்பாவுல சாப்ட்டுட்டு எங்களையே எழுதுவீங்களா மேடம்?" என்றார் கண்ணாடி அணிந்த பெண்.

"என்னையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கேன்" என்றாள் சித்தி.

கைப்பை நகரவில்லை.

கதவருகே வேப்பம்பட்டிலிருந்து வரும் கீரைக்காரம்மா ஒருவர் கூடையை ஒதுக்கினார். "இன்னாம்மா, கொயந்தைய வச்சிகினு நின்னுகினு கீற? இப்டி வந்து குந்து."

கஞ்சி போட்ட புடவையோடு சித்தி ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"எங்களப் பத்தி எய்திகிறியாமே? படி, கேப்போம்."

சித்தி பத்திரிகையை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. பெட்டி முழுக்கக் கேட்டது.

"எல்லாம் கரீட்டு. எம் பேர மட்டும் வுட்டுட்டியே! போட்டிருந்தா மருமவகிட்ட காட்டி ஒரு காபியாவது வாங்கிக் குடிச்சிருப்பேன்."

கூடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இருக்கையில் யாரோ சிரித்துவிட்டு அவசரமாக இருமினார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தில் அடிக்கும் காற்று, பின்னால் ஓடும் மரங்கள்! ரயிலிலேயே உயர்ந்த இடம் அதுதான், நன்றாக எழுதியதற்குப் பரிசாகச் சித்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மாலையில் அம்மாவிடம் ஓடினேன். "சித்திக்குக் கதவோரத்துல எடம் கிடைச்சிடுச்சும்மா! இனிமே தினம் அங்கதான்!"

அம்மா சித்தியின் புடவையில் காய்ந்திருந்த சேற்றுக்கறையைப் பார்த்தாள். ஊற்றி எடுத்த நெய்த் தோசையைச் சித்தியின் தட்டில் வைத்தாள். நல்ல செய்தியைக் கொண்டுவந்த எனக்கு ஏன் வைக்கவில்லை என்று அன்று வெகுநேரம் அழுதேன்.