அண்ணா பிடித்த பந்து

சிட்னியின் புறநகர் அணிகளான நார்த்மீட்டும் டூங்கபியும் மோதிய பேஸ்போல் இறுதிப் போட்டிக்கு நான் போனது சண்டை பிடிக்கத் தயாராகத்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் அது.

அண்ணா நார்த்மீட் அணியில் ஆடினார். யாராவது வராவிட்டால்தான் அவரை இறக்குவார்கள். இதில் வென்றால் நிரந்தர இடம் தருவதாகக் கப்டன் சொல்லியிருந்தான். டயர் தொழிற்சாலையில் வாரமெல்லாம் கருகிவிட்டு வரும் அண்ணாவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். சிட்னியில் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். எவருக்கும் ஒதுங்குவதில்லை என்ற திமிரும் இருந்தது. வேண்டுமென்றே டூங்கபிக்காரர்களின் நடுவே போய் உட்கார்ந்தேன். கறுப்பனின் கையில் பந்து நிற்காது என்றார்கள். முதலில் நீங்கள் அடித்துக் காட்டுங்கள் என்றேன். அதன் பிறகு என் முதுகில் கடலைக் கோது விழுந்துகொண்டே இருந்தது.

கடைசிச் சுற்றில் இரு பக்கமும் சமம். டூங்கபிக்காரன் ஒருவன் ஓட்டத்தின் கடைசித் தரிப்பான மூன்றாவது பேஸில் நின்றான். அவன் அங்கிருந்து பந்தடிக்கும் இடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தால் வெற்றி அவர்களுக்கு. அவர்களில் இன்னொருவன் பந்தை உயரத் தூக்கி அடித்தான். அண்ணா பின்னால் ஓடி, தலைக்கு மேலே அதைப் பிடித்தார். என் முதுகுப் பக்கம் சத்தம் அடங்கியது.

அண்ணா பந்தை வானத்துக்கு எறிந்து கைகளை விரித்தார். யாழ்ப்பாணத்து வெளிகளில் கிரிக்கெட் ஆடியவர். அங்கே பந்தைப் பிடித்தால் அந்தக் கதை முடிந்தது. இங்கே பிடித்த கணத்திலிருந்து பேஸில் நிற்பவன் ஓடலாம். அவன் ஓடினான். அண்ணாவின் பந்து கீழே வருவதற்குள் பாதி தூரம் கடந்துவிட்டான். அண்ணா அதை எடுத்து எறிவதற்குள் வந்து சேர்ந்தான், நார்த்மீட் தோற்றது.

கப்டன் எல்லோர் முன்னிலையிலும் அணியின் சேர்ட்டைத் திருப்பித் தரச் சொன்னான், துவைத்து. நான் மைதானத்துக்குள் போய், இந்த விதியை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இவளை யார் உள்ளே விட்டது என்றான் அவன்.

அண்ணா என் பக்கம் திரும்பினார். "நீ போ. இது உன்ரை பள்ளிக்கூடம் இல்லை."

"அப்ப துவைச்சுக் குடுக்கப் போறியளோ?"

அவர் சேர்ட்டைக் கழற்றிக் கப்டனின் சப்பாத்தின் மேல் போட்டார். பெனியனோடு நின்றார்.

அப்போது டூங்கபியின் பயிற்சியாளர் வந்தார். அப்படியொரு பந்தைத் தன் ஆட்களில் ஒருவனும் பிடிக்க மாட்டான், விதியை ஒரு மாலையில் சொல்லித் தரலாம், அடுத்த பருவம் தங்களுக்கு ஆட வருவாரா என்றார்.

அண்ணாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும், பேச வராது. என்னைப் பார்த்தார்.

"இவங்கள் என்னிலை கோது எறிஞ்சவங்கள், அண்ணா."

"என்னிலை எறியேல்லைத்தானே. ஓம், வாறன் எண்டு சொல்லு."

சொன்னேன். அந்த மனிதர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை, அண்ணா கொடுத்தார்.