வலப்பக்கத்துப் பூ

எங்கள் வீட்டுப் பின்சுவர் வயிறு தள்ள ஆரம்பித்தது, மைசூர் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறிய மறு வருஷம், ஆனி மாதம். மைசூர் நகரத்து மண்டி மொஹல்லாவில் பழைய மண்சுவர் வீடு. நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

"மழைக்கு முன்னாடி காலி பண்ணிடுங்க ஸ்வாமி" என்று வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். என் மனைவி சரோஜாவின் அண்ணன் அதே ஊரில் சரஸ்வதிபுரத்தில் வீடு பார்த்து வைத்திருந்தார். நான்தான் நகரவில்லை. ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அந்த வருஷத்து ரயில்வே வேலைநிறுத்தம் முடிந்து, யாருக்கு வேலை நிலைக்கும், யாருக்குப் போகும் என்று தெரியாத நேரம். இந்த நேரத்தில் எதையும் அசைக்கக் கூடாது என்று பயம். அந்தப் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

சாமுண்டித் தாயிடம் பூக் கேட்டேன். படத்தின் கண்ணாடியில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்றாகப் பூவை நனைத்து ஒட்டவேண்டும். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் போகலாம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் இருக்கவேண்டும். எட்டு வெள்ளிக்கிழமை கேட்டேன். எட்டு முறையும் இடப்பக்கத்துப் பூதான் விழுந்தது.

இப்போது வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இடப்பக்கத்துப் பூவைத் தண்ணீரில் நனைப்பேன். வலப்பக்கத்துப் பூவைச் சந்தனத்தில் தோய்த்துக் கட்டைவிரலால் அழுத்துவேன்.

அந்த எட்டு வாரமும் வீடு எங்களோடு பேசிக்கொண்டே இருந்தது. படத்தின் முன் வைத்த எலுமிச்சம்பழம் யாரும் தொடாமல் உருண்டு பின்சுவரில் போய் முட்டும். தாழ்ப்பாள் போட்ட கதவு தானாகத் திறக்கும். சுவருக்குள் யாரோ விரலைச் சொடுக்குவது போலச் சத்தம் வரும். மூன்று வயது மகள் மீனா ஒரு நாள் சுவரில் காதை வைத்து, "உள்ளே யாரோ நடக்கறாங்கப்பா" என்றாள். அவளை அதட்டினேன். அவள் பாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கும்.

சரோஜா கொள்ளேகால்காரி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு முறை கேட்டாள்: "ஏனுங்க, இன்னும் எத்தனை வெள்ளிக்கெழமைதான் கேப்பீங்க? செவுரு காத்துக்கிட்டு நிக்குமுங்களா?"

ஆடிக் கடைசி வெள்ளி. விளக்கு வைக்கும் நேரம். மீனா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் பூ ஒட்டினேன். சந்தனம் கொஞ்சம் கூடவே வைத்தேன்.

திடீரென்று சுவருக்குள் சத்தம் நின்றது. தெருச் சத்தமும் கேட்கவில்லை. விளக்குச் சுடர் அசையவில்லை. வலப்பக்கத்துப் பூ விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அதை எடுத்து மறுபடியும் ஒட்டினேன். கண்ணாடி ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. விரலை எடுத்தவுடன் பூ என் மடியில் விழுந்தது. இன்னும் சந்தனம் தோய்த்து அழுத்தினேன். மூன்றாம் முறையும் விழுந்தது. தண்ணீரில் நனைத்த இடப்பக்கத்துப் பூ அசையாமல் இருந்தது.

"தாயே, எனக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. நீயே எழுப்பு" என்று அழுதேன். அதுவரை நான் செய்த ஒரே நிஜமான பிரார்த்தனை அதுதான்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மீனாவை வாரி எடுத்தேன். சரோஜா படத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். சந்து முனையைத் தாண்டுவதற்குள் சுவர் இடிந்தது. மறுநாள் மண்ணை வாரியபோது மீனாவின் பாய் அடியில் நசுங்கிக் கிடந்தது.

சரஸ்வதிபுரத்துக்குப் போனோம். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை, வேலையும் போகவில்லை. சுவர் அதிர்ந்துதான் பூ விழுந்திருக்கும் என்று ஆபீசில் சொன்னார்கள். இருக்கட்டும். அதிரவைத்தவள் யார் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

சந்தன விஷயத்தைச் சரோஜாவிடம் சொல்லும் தைரியம் வர எனக்கு மூன்று வருஷம் ஆனது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"தெரியுமுங்க" என்றாள். "வாராவாரம் கண்ணாடியத் தொடச்சது நான்தானுங்களே."

"அப்போ ஏன் என்னைக் கேட்கலே?"

"உங்ககிட்டச் சொல்லி என்ன ஆகுமுங்க? அவகிட்டச் சொல்லிட்டிருந்தேன்."

தாய் கேட்டது யாருடைய பிரார்த்தனையை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அன்பர்களே, நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள். கேட்கத் தெரியாவிட்டால், உங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் குறுக்கே மட்டும் நிற்காதீர்கள்.