ஒரு கண் வைத்த மரம்

என் இடது கையிலிருந்து டஸ்டர் விழுந்ததை நான் பார்க்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தேன். நயா பைசா வந்த பிறகும் எல்லோரும் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பிரேசர் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

பக்கவாதம் என்றார்கள் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழந்து போவது). இடது கையும் இடது காலும் போயிருந்தன.

இடது கைக்கு நம் வீடுகளில் என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எனக்கு அதிர்ஷ்டம் என்றே பேசினார்கள். என் நாத்தனார் லூர்து ஆஸ்பத்திரிக்கு மதியச் சோறு கொண்டுவருவாள்.

"மாதா புண்ணியம் அண்ணி, சோறு திங்கிற கை தப்பிச்சுது. எழுதுற கை தப்பிச்சுது. வேற என்னா வேணும்?"

தட்டில் இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருக்கும். எனக்குப் பசி செத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தட்டு காலி என்று நான் நினைத்தேன்.

கைகால் போனதைவிட எனக்கு வேறொன்று வலித்தது. என் கணவர் வரவில்லை. தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து மாலையில் வந்துவிடுவார் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். அடுத்த கட்டில்காரிகளுக்கெல்லாம் யாராவது வந்தார்கள். லூர்துவிடம் கேட்கலாம்தான். ஆனால் புருஷன் ஏன் வரவில்லை என்று அவன் தங்கையிடம் கேட்க என் வீம்பு விடவில்லை. கைகால் விளங்காத பெண்டாட்டி எதற்கு என்று விட்டுவிட்டார், நானும் இனி கேட்கப் போவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் நாங்கள் பேசவில்லை. அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

பள்ளிக்கூடம் ஒன்றுதான் மிச்சம். கோலை ஊன்றி நடக்கப் பழகியதும் போனேன். தலைமை ஆசிரியை வகுப்பில் கூடவே நின்றார். புதிதாக வரையத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது பொம்மை மரம். அடியில் கொஞ்சம் அகலமாக இரண்டு கோடு. மேலே மேகத்தைப் போல வளைவுகள், இலைகளைத் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. கடைசியாகத் தண்டில் இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும். தூக்கத்தில்கூடப் போடுவேன்.

போட்டு முடித்துத் திரும்பினேன். இந்த முறை பிள்ளைகள் சிரிக்கவில்லை.

"டீச்சர், மரத்துக்கு ஒரு கண்ணுதான் இருக்கு" என்றது ஒரு பெண்.

"நல்லா பாரு, ரெண்டு இருக்கு" என்றேன்.

ஒரே ஒரு கோடு, அதன் மேல் வலப்பக்கம் மட்டும் வளைவு, ஒரு கண், பாதிச் சிரிப்பு. இதைப் பிறகு தலைமை ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். அன்று எனக்கு அது முழு மரம். அவர் கரும்பலகையைத் தாமே அழித்துவிட்டு என் கணவருக்குச் சொல்லி அனுப்பினார்.

கணவர் என்னைக் கூட்டிப்போன டாக்டர் கன்னடக்காரர், கன்னடம் கலந்த கன்டோன்மென்ட் தமிழ் பேசுவார். ஒரு தாளில் அதே மரத்தைப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. மூளையில வலது பக்கம் அடி பட்டிருக்கு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே அது மறந்துடுச்சு."

பக்கப் புறக்கணிப்பு என்று இதைச் சொல்லலாம் (பார்வை இருந்தும் ஒரு பக்கம் கவனத்தில் ஏறாமல் போவது).

என் கணவர் எழுந்து நின்றார். "டாக்டர், அப்ப அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்திருந்தா?"

"தெரியாது. சத்தம் கேட்டாலும் இவங்க வலது பக்கம்தான் திரும்புவாங்க."

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றோம்.

"தெனமும் வந்தேன்" என்றார். "ஸ்டூலு உன் இடது பக்கம்தான் போட்டிருந்தாங்க. நீ மூஞ்சிய ஜன்னல் பக்கமே வச்சிருந்த. உன்ன சரியா வச்சுக்கலன்னு கோவம்னு நெனச்சேன். பொம்பளைங்க வார்டு, என்னான்னு கூப்பிடறது? கனைச்சுப் பாத்தேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு கனைப்பு, நான் திரும்புவேன். எங்கள் இரண்டு வீடுகளிலும் அதுதான் வழக்கம். அந்த வார்டில் யார்தான் கனைக்கவில்லை? பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில் நின்று அழுதேன்.

இடப்பக்கத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் ரொம்பவே கூச்சப்பட்டார். முதலில் வாசற்கதவைச் சாத்திவிட்டு, "செல்வி" என்றார். நான் வலப்பக்கம் தேடினேன். "இந்தப் பக்கம் செல்வி" என்றார். பிறகு தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு என் முன்னால் வைத்தார். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே மரத்தைத் தொடங்க வேண்டும். தினமும் ஒரு மரம். இரண்டாவது கண் வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிக் கிடந்தால், தயவு செய்து ஸ்டூலை அவர் பார்க்கிற பக்கம் மாற்றிப் போடுங்கள். வெட்கத்தை விட்டு வாயைத் திறந்து கூப்பிடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு என் கணவரும் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். அப்போது அவர் எனக்கு இடப்பக்கம் இருந்தார். கூப்பிட்டாரா, என் காதில் ஏறவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது முழு மரம் போடுகிறேன். அந்தப் பாதி தெரிவதால் போடுவதில்லை, இருந்தாக வேண்டும் என்று அறிந்து போடுகிறேன். என் இடது கையும் அப்படித்தான், தேடி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். மணி பார்ப்பதிலும் கஷ்டம்தான். ஆறு மணிக்கு மேல் சின்ன முள் இடப்பக்கம் போய்விடும், மாலை அங்கேயே நின்றுவிட்டது போல இருக்கும். ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் கழுத்தை மெதுவாகத் திருப்பி இடப்பக்கம் முழுவதும் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் யாரும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.