லோஷினிக்கு மட்டும் பேப்பர் தட்டு

நேத்து ஃபேமிலி குரூப்புல பெரியப்பா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. இந்தியாவுல இடஒதுக்கீடு பத்தி யாரோ பேசின வீடியோ ஒண்ணு, அதுக்குக் கீழ அவரே எழுதின நாலு பாரா. மார்க் எடுத்தவனுக்கு சீட் இல்லையாம், சாதி சர்டிபிகேட் வச்சிருக்கவனுக்கு சீட்டாம், எத்தன தலைமுறைக்குத்தான் அவங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் ட்ரீட்மென்ட்டுன்னு. என் கசின்ஸ் எல்லாம் வரிசையா தம்ஸ் அப். நானும் என்னமோ டைப் பண்ணேன், டிலீட் பண்ணேன், மறுபடி டைப் பண்ணேன். குரூப்புல போடுற சைஸ்ல அது அடங்கல. அதான் இங்க எழுதறேன்.

ஏன்னா ஸ்பெஷல் ட்ரீட்மென்ட்டுன்னா என்னன்னு எனக்கு பத்து வயசுலயே தெரியும் லா. கிட்ட இருந்து பாத்து வயிறு எரிஞ்சவ நான்.

அப்ப நாங்க கிள்ளான்ல இருந்தோம். அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் பெட்டாலிங் ஜெயாவுல வேல. காலையில இருட்டுல கெளம்பினா வீட்டுக்கு வர ஏழு ஏழரை ஆயிடும். அதனால ஸ்கூல் வேன் என்னை நேரா பெரியம்மா வீட்டுல, அதாவது இந்தப் பெரியப்பா வீட்டுல, எறக்கிவிடும். பெரியம்மாவோட பிள்ளைங்க எல்லாம் பெருசாயி வேலைக்குப் போயிட்டாங்க, வீடு காலியா கெடந்துச்சு. அம்மாவோட கூட்டாளி ஒரு ஆன்டி, கிளினிக்ல நர்ஸு, தன் பொண்ண ஸ்கூல் முடிஞ்சு எங்க விடறதுன்னு தெரியாம திண்டாடிட்டு இருந்தாங்க. அம்மா போய் அக்காகிட்ட கேட்டாங்க. தங்கச்சி கேட்டா பெரியம்மாவால மாட்டேன்னு சொல்ல முடியல. அப்படித்தான் லோஷினி அந்த வீட்டுக்கு வந்தா.

லோஷினி என் கிளாஸ்தான். என் பெஸ்ட் ஃப்ரெண்டு. அவள மாதிரி எனக்கு எரிச்சல் மூட்டின ஆளும் ஒலகத்துல கெடையாது. இடுப்பு வரைக்கும் முடி. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி. மலாய் பேசினா டீச்சரே அசந்துடுவாங்க. நான் ராத்திரி பூரா உக்காந்து படிச்சு ரெண்டாவது வருவேன், அவ வேன்ல ஒரு தடவ பொரட்டிட்டு மொதல்ல வருவா. இதெல்லாம் கூட சகிச்சுக்கிட்டேன். ஆனா என் பெரியம்மா வீட்டுலயே அவளுக்கு ராஜமரியாதை நடந்தா எப்படி பொறுத்துக்கறது சொல்லுங்க.

எனக்கு சோறு பழைய சில்வர் தட்டுல. ஓரம் நசுங்கி, யாரோ ஆணியில பேரு கீறின தட்டு. அவளுக்கு தெனமும் புதுசா பேப்பர் தட்டு, வெள்ள வெளேர்னு. எனக்கு மைலோ பழைய மக்குல, அவளுக்கு பார்ட்டில குடுக்கற மாதிரி பேப்பர் கப்புல. நான் அடுப்படியில வேர்த்து ஊத்த சாப்பிடணும், அவளுக்கு போர்ச்சுல தனியா ஒரு மேச, டேபிள் ஃபேன் வேற. எல்லாத்தையும் விட கொடும என்னன்னா, சாப்பிட்டு முடிச்சதும் அவ தட்ட குப்பையில போட்டுட்டு கார்ட்டூன் பாக்க ஓடிருவா. நான் நின்னு தட்டு கழுவணும்.

ஒரு நாள் கேட்டுட்டேன். பெரியம்மா வெங்காயம் நறுக்கிக்கிட்டே, தல நிமிராம சொன்னாங்க, "அவ விருந்தாளி இல்ல? பக்கத்து வீட்டு மாச்சிக் வந்தா எதுல குடுக்கறேன்?"

அது நியாயமாத்தான் பட்டுச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்டி, அந்த மாச்சிக், எப்ப வந்தாலும் பெரியம்மா பேப்பர் தட்டுதான் எடுப்பாங்க. நம்ம வீட்டு தட்டுல நாம என்னென்ன சாப்பிட்டிருப்போமோ, அவங்களுக்கு ஹலாலா இருக்கணுமே, அந்த மரியாதைக்கு. எங்க தாமான் குடியிருப்புல எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அப்ப பேப்பர் தட்டுன்னா மரியாதைன்னு என் மண்டையில பதிஞ்சு போச்சு. லோஷினிக்கு மாச்சிக் அளவுக்கு மரியாதை. எனக்கு நசுங்கின தட்டு.

ஒரு மத்தியானம் பெரியம்மா துணி காயப்போட பின்னால போனப்ப, நான் என் தட்டோட போர்ச்சுக்கு வந்து மாத்திக்கலாம் வாடின்னு கேட்டேன். அவ உடனே ஒத்துக்கல.

"வேணாம்டி. ஆன்டி ஏசுவாங்க."

"ஏசினா என்னைத்தான ஏசுவாங்க, குடு லா."

மாத்திக்கிட்டோம். பேப்பர் தட்டுல கொழம்பு ஊறி அடியில சொதசொதன்னு ஆயிடுச்சு, ஆனாலும் ராணி மாதிரி சாப்பிட்டேன். பெரியம்மா வந்து பாத்தாங்க. ஏசவே இல்ல. கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி வாய் கொப்பளிக்க வச்சாங்க, அவ்ளோதான். அன்னைக்கப்புறம் அந்த சில்வர் தட்டு அடுப்படிக்குள்ள வரல. துளசித் தொட்டிக்கு அடியில தண்ணி புடிக்க வச்சிட்டாங்க. எனக்கு வேற ஒரு தட்டு வந்துச்சு, அதுவும் பழசு.

அந்த வருஷம் தீபாவளிக்கு பெரியப்பா வீட்டுல ஓப்பன் ஹவுஸ், வர்றவங்க எல்லாருக்கும் விருந்து. அம்மாதான் லோஷினி குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தாங்க. மாச்சிக் வந்து உக்காந்து கறி பஃப் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. பெரியப்பாவோட சங்கத்து ஆளுங்க நாலஞ்சு பேரு ஹால்ல. லோஷினி அப்பா கப்பல் போர்ட்ல டெக்னீஷியன், அதிகம் பேச மாட்டாரு, சோஃபா ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாரு.

பெரியப்பாவுக்கு கூட்டம் கெடச்சா போதும். மொதல்ல இந்த நாட்டுக் கதை. நம்ம பிள்ளைங்க எவ்ளோ மார்க் வாங்கினாலும் மலாய்க்காரங்களுக்குத்தான் கோட்டான்னு சொல்லி ஒதுக்கறாங்க, பொறப்ப வச்சு மனுஷன எட போடறது என்ன நியாயம்னு கொரல் ஒடைய பேசினாரு. மாச்சிக்குக்குத் தமிழ் தெரியாது, அவங்க பாட்டுக்கு சிரிச்சு தலையாட்டுனாங்க. அப்புறம் பேச்சுலயே அப்படியே கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனாரு. அங்க பாரு, கீழ இருந்தவனுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் குடுத்து கெடுத்துட்டாங்க, இப்ப எவன் சாதி பாக்கறான், எதுக்கு இன்னும் சலுகைன்னு. சங்கத்து அங்கிள்ஸ் எல்லாம் ஆமா ஆமான்னாங்க.

லோஷினி அப்பா மெதுவா, "இன்னும் பாக்கறவங்க இருக்காங்க அண்ணே"ன்னாரு.

"அங்க இருக்கலாம் தம்பி. இங்க யாரு பாக்கறா? எங்க வீட்டையே எடுத்துக்குங்க. உங்க பொண்ணும் எங்க பொண்ணும் ஒண்ணாத்தான் வளருது. ஒரே சோறு, ஒரே கொழம்பு." பெரியப்பா திரும்பி என்னைப் பாத்தாரு. "நீயே சொல்லும்மா, இந்த வீட்டுல யாருக்காச்சும் வித்தியாசம் காட்டறமா?"

பெரியவங்க கூட்டத்துல என்கிட்ட ஒரு கேள்வி. மாசக்கணக்கா வயித்துல வச்சிருந்தத எல்லாம் சொல்ல இத விட்டா வேற நேரம் வருமா.

காட்டறீங்கன்னு சொன்னேன். சத்தமாவே சொன்னேன். லோஷினிக்கு மட்டும் தெனமும் பேப்பர் தட்டு, பேப்பர் கப்பு. அவளுக்கு மட்டும் போர்ச்சுல மேச, ஃபேன். அவ தட்டே கழுவ வேணாம். நான் ஒரு தடவ அவ தட்டுல சாப்பிட்டதுக்கு வாய் கழுவ வச்சீங்க, அவ தொட்ட தட்ட செடிக்கு வச்சிட்டீங்க. எப்பப் பாத்தாலும் அவளுக்குத்தான் ஸ்பெஷல்னு சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மாச்சிக் என்ன ஆச்சுன்னு மலாய்ல கேட்டாங்க. எங்க அம்மா அடுப்படி வாசல்ல நின்ன பெரியம்மாவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. லோஷினி அப்பா தன் கையில இருந்த தட்டப் பாத்தாரு. பேப்பர் தட்டு. அப்புறம் சோஃபால இருந்தவங்க மடியில இருந்த பீங்கான் தட்டுங்கள ஒவ்வொண்ணா பாத்தாரு. அவசரமே படல. மீதி இருந்த அதிரசத்த வாயில போட்டு மென்னு முழுங்கினாரு, தட்ட நாலா மடிச்சாரு, குப்பை எங்கன்னு கேக்காம சட்டப் பையில வச்சிக்கிட்டாரு.

"சரி அண்ணே. நாங்க வரோம்."

லோஷினி அம்மா எங்க அம்மா கையப் புடிச்சு ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போனாங்க. லோஷினி திரும்பியே பாக்கல. அவங்க ஏறின காடி தாமான் முனையில திரும்பற வரைக்கும் நான் வாசல் கேட் பக்கத்துல நின்னேன். அம்மா அன்னைக்கு ராத்திரி என்னை அடிக்கல, கொஞ்சவும் இல்ல. ரொம்ப நாளைக்கு அக்கா தங்கச்சிக்குள்ள பேச்சே இல்ல. பெரியப்பா மட்டும், சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு எதையும் பேசக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

ஸ்கூல் தொறந்ததும் லோஷினி எங்க வேன்ல இல்ல. ஸ்கூல் முடிஞ்சு பிள்ளைங்கள பாத்துக்கற ஒரு டிரான்சிட்ல சேத்துட்டாங்க. கிளாஸ்ல பக்கத்துலதான் உக்காருவா, ஆனா ஒரு வாரம் பேசல. எனக்கு அவ பேசாதது ஒரு கவல, அங்க என்ன மரியாதை நடக்குதோங்கறது அதவிடப் பெரிய கவல. கடைசியில ரீசஸ்ல, மீ கோரெங் வாங்க வரிசையில நிக்கறப்ப, தாங்க முடியாம கேட்டேன், புது எடத்துல உனக்கு எதுலடி சோறு குடுக்கறாங்கன்னு.

"தட்டுலதான். எல்லாருக்கும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் தட்டு."

"யாரு கழுவறது?"

"அவங்கவங்கதான் கழுவணும்."

எனக்கு உள்ளுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. அதக் காட்டிக்காம அவ தோள்ல கையப் போட்டு, "பாவம்டி நீ"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். மனசுல கொஞ்சம் ஜெயிச்ச மாதிரியும் இருந்துச்சு.

அவ என்னைப் பாத்தா. அப்புறம் சிரிச்சா, ஒரு வாரமா காணாத சிரிப்பு. நேத்து அஞ்சு பேரு சேந்து கழுவுனோம், சோப்புத் தண்ணில சட்டையெல்லாம் நனஞ்சிருச்சுன்னு கண்ணு விரிய சொல்லிட்டே போனா. பாதியிலயே எனக்கு மறுபடி வயிறு எரிய ஆரம்பிச்சிருச்சு. தட்டு கழுவறதுக்கு ஒருத்தி ஏன் இவ்ளோ சந்தோஷப்படறான்னு மட்டும் எனக்குப் புரியவே இல்ல.